பாடம் சொன்னால் சீட்டைத் திற

“ஒன்பதும் மூணும் வச்சுக்கிட்டு என்னத்தக் கண்டு உள்ள வந்த?”

வெர்னா மிஹெலிச் சீட்டு மேசையில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டவர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய கண் என் தலைக்கு ஒரு முழம் மேலே, சுவரும் கூரையும் சேரும் இடத்தில் நின்றது.

“சும்மாதான் வந்தேன்” என்றேன்.

“சும்மா வந்து உக்கார்றதுக்கு நூலகம் இருக்கு கண்ணு. அங்க கணப்பும் போட்டிருக்காங்க, காசும் போகாது.”

முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். பின் இருக்கையில் யார் யாரைக் கிள்ளுகிறார்கள் என்பதைத் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தே கண்டுபிடித்து, அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடியே திட்டிப் பழகிவிட்டார். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும், திட்ட வாயெடுத்தால் கண் தானாக மேலே போய்விடுகிறது. நாற்பது வயதுக்குக் கீழே உள்ள யாரையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏறிய நிறுத்தம்தான் பெயர். ஏழு வருஷம் அந்தப் பேருந்தில் போன எனக்கு ‘பாலத்து ஸ்டாப்பு’ என்று பெயர். எங்கள் ஊர் வங்கி மேலாளர் டை கட்டிக்கொண்டு எதிரே வந்தாலும் அவருக்கு ‘நாய் துரத்துற ஸ்டாப்பு’தான்.

சீட்டாட்டம் நடப்பது மேக்பை விடுதியின் பின்னறையில். செவ்வாய் முதல் வெள்ளி வரை, காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியம் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். இருட்டிய பிறகு ஆட நினைப்பவர்களுக்கு நெடுஞ்சாலைப் பக்கம் வேறு இடம் இருக்கிறது. எங்களுடையது காப்பியும் ‘ஆப்பிள் பை’ என்னும் பலகாரமும் சாப்பிட்டுக்கொண்டு ஆடும் போக்கர். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக வரும். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும். பந்தயம் வைக்கலாம், ஏற்றலாம், பயமாக இருந்தால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். விதி இவ்வளவுதான். மீதி எல்லாம் வெர்னாவுக்குத் தெரியும்.

காலை ஒன்பது ஐம்பதுக்கு அவருடைய பிக்கப் வண்டி வாசலில் நிற்கும். நெற்றியில் பச்சை பிளாஸ்டிக் மறைப்பு, ஆண்கள் போடும் கம்பளிச் சட்டை, அக்குளில் ஒரு கறுப்பு மெத்தை. அந்த மெத்தை அவர் ஓட்டிய பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் இருந்தது. பேருந்தை ஏலம் விட்ட அன்று, வாங்கியவன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்குள் கழற்றி எடுத்து வந்துவிட்டார். காப்பி குடிக்க மாட்டார். ஊறுகாய் ஜாடியில் கிடக்கும் அவித்த முட்டை இரண்டு, வெந்நீர் ஒரு கோப்பை. உப்பு மட்டும் சட்டைப் பையிலிருந்து வரும். விடுதி உப்பில் அரிசி கலந்திருக்கிறதாம், அது அவர் பல்லில் சிக்குகிறதாம்.

அவர் ஆடுவது குறைவு. ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடி முடித்தால் அது ஒரு கை. இருபது கை வந்தால் நான்கில் இறங்குவார். மீதிப் பதினாறில் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு மற்றவர்களுடைய ஆட்டத்தை எடை போடுவார், சத்தமாக.

வால்ட் ஹெக் என்று ஒருவர், குழாய் வேலை செய்து ஓய்வு பெற்றவர், வெர்னாவுக்கு இடப்பக்கம் உட்காருவார். அவரிடம் வெர்னா ஒருநாள் சொன்னது இது.

“வால்ட்டு, கையில ஒண்ணுமில்லாம பந்தயம் வைக்கிறப்ப நீ மூச்சு விடறதையே நிறுத்திடுற. ஒருநாள் இந்த மேசையிலயே போய்ச் சேரப் போற, அதுவும் ஒரு ஜோடி நாலுக்காக.”

“போனா உனக்கு நிம்மதிதானே?”

“ஐயோ, வாயக் கழுவுய்யா. உன் காசுலதான் என் வண்டிக்கு டயர் மாத்துறேன். இன்னும் ரெண்டு டயர் பாக்கி இருக்கு.”

இப்படிப் பேசக் கூடாது என்று போக்கர் ஆடுகிறவர்களுக்குள் ஒரு நாகரிகம் உண்டு. மோசமாக ஆடுகிறவனிடம் அவன் மோசம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் கோபித்துக்கொண்டு போய்விடுவான், அல்லது திருந்திவிடுவான். இரண்டுமே மற்றவர்களுக்கு நஷ்டம். “கறக்குற மாட்டை எதுக்கு உதைக்கிற?” என்று வால்ட் கேட்டதற்கு வெர்னா கூரையைப் பார்த்துச் சொன்னார்: “தப்பா ஆடறான்னு தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு அவன் காசை எடுக்கறதுக்குப் பேரு மரியாதையா? என் ஊர்ல அதுக்குப் பேரு திருட்டு.” அவர் ஊரும் எங்கள் ஊரும் ஒன்றுதான்.

அவருடைய வாய் தாங்காமல் மூன்று பேர் போய்விட்டார்கள். பால் வண்டி ஓட்டும் ஒருவர் கையில் ஜெயிக்கிற சீட்டு இருக்கும்போதே அதை வீசிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் விடுதியின் சொந்தக்காரி பெர்னடீன் ஸ்கோ ஒரு சட்டம் போட்டார். மேசைக்குச் சீட்டுப் போடுபவரும் அவர்தான். ஆப்பிள் பை வரும் அட்டைப் பெட்டியைக் கிழித்து, பேனாவால் எழுதி, சுவரில் குத்தினார். ‘பாடம் சொன்னால் சீட்டைத் திற.’ அதாவது, அடுத்தவர் ஆட்டத்தைக் குறை சொல்கிறவர் அடுத்த கையில் தன் இரண்டு சீட்டையும் எல்லோரும் பார்க்கத் திறந்து வைத்து ஆட வேண்டும்.

ஒரு வாரத்தில் வாய் மூடிவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான்கு வருஷம் ஆயிற்று. வெர்னா தனக்கு வருவதில் மூன்றில் ஒரு பங்கைத் திறந்தே ஆடுகிறார், அப்படியும் பாதி நாள் லாபத்தோடுதான் வீட்டுக்குப் போகிறார். “நல்ல சீட்டு திறந்து கிடந்தாலும் நல்ல சீட்டுதான். உங்க அழுகல் சீட்டு மூடி இருந்தாலும் நாறும்” என்பார்.

அவர் அதிகம் பாடம் சொன்னது ஓரின் ஹாஃப்ஸ்டாடுக்கு.

ஓரின் தொலைபேசிக் கம்பத்தில் ஏறி வேலை பார்த்தவர். எழுபத்து நான்கு வயது, நல்ல உயரம், மெதுவான பேச்சு. வெர்னாவுக்கு நேர் எதிரே உட்காருவார். இருபது கை வந்தால் இருபதிலும் இறங்குவார். எந்தச் சீட்டையும் அவருக்கு விட மனம் வராது.

“யோவ் ஓரின், உன் ஆட்டம் கதவில்லாத மாட்டுக் கொட்டகை. எந்த மாடு வேணா உள்ள வருது. நீயும் வா வான்னு தடவிக் குடுக்குற.”

“வெளிய குளிருது வெர்னா” என்பார் ஓரின். எத்தனை பெரிய வசவுக்கும் அவருடைய பதில் அதுதான். ஜூலை மாதமாக இருந்தாலும் அதுதான். அன்றைக்குக் கொண்டுவந்ததை ஒழுங்காகத் தோற்றுவிட்டு, மறுநாள் பத்து மணிக்குச் சவரம் செய்த முகத்தோடு வந்துவிடுவார்.

போன அக்டோபரில் ஒரு புதன்கிழமை, பந்தய வில்லைகளை நடுவே தள்ளும்போது ஓரினின் வலது கை நடுங்கியது. அடுக்கின் மேலிருந்த இரண்டு வில்லைகள் சரிந்து விழுந்தன.

சீட்டாட்டக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. கை நடுங்கினால் அது பயம் இல்லை, பெரிய சீட்டு வந்துவிட்ட பரபரப்பு. ஏமாற்ற நினைப்பவன் உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். நிஜமாகவே வைத்திருப்பவனுக்குத்தான் உடம்பு அடங்காது.

“ஓடுங்க” என்றார் வெர்னா, மேலே பார்த்தபடி. “எல்லாரும் சீட்டைப் போட்டுட்டு ஓடுங்க. ஓரின் கை டிராக்டர் கணக்கா ஆடுது.”

ஓடினோம். ஓரின் சீட்டைக் காட்டினார். இரண்டு ராணி. அடுத்த நாள் மறுபடி கை நடுங்கியது. ஏஸும் ராஜாவும். அத்தோடு எங்கள் மேசையில் அது சாஸ்திரமாகிவிட்டது. ஓரினின் கை அசைந்தால் நாங்கள் கவிழ்த்துவிடுவோம். நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஜெயித்துக்கொண்டிருந்தார்.

வெர்னாவுக்கு அதுவும் பொறுக்கவில்லை. “அறுபதடி உசரத்துல நின்னு கம்பி கட்டின மனுஷன், மேசை மேல கையை அடக்கமா வைக்கத் தெரியல. சீட்டு வந்தா ஊருக்கே தண்டோரா போடற. வெக்கமா இல்ல?” இதை மேசையில் மட்டும் சொல்லவில்லை. தபால் நிலையத்தில் சொன்னார், சர்ச் முடிந்து எல்லோரும் கோட்டு மாட்டிக்கொள்ளும் இடத்தில் பாதிரியாரை வைத்துக்கொண்டே சொன்னார். ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மளிகைக் கடையில் சில்லறை எடுக்கும்போது ஓரினின் கை நடுங்கினால், கல்லாவில் இருக்கும் பெண், “என்ன ஓரின், ரெண்டு ராஜாவா?” என்று கேட்பாள். ஓரினும் சிரித்துக்கொண்டு, “சொல்ல மாட்டேன்” என்பார்.

ஜனவரியில், பனிப்புயல் அடித்து ஓய்ந்த ஒரு வியாழக்கிழமை. வெர்னாவிடம் மூன்று ஜாக்கி சேர்ந்திருந்தன. மற்றவர்கள் ஒதுங்கிவிட்டோம். ஓரின் ஒரு தடவை ஏற்றினார், மறுபடியும் ஏற்றினார். கை நன்றாகவே நடுங்கியது. வெர்னா வெந்நீரை ஒரு வாய் குடித்தார். பிறகு தன் சீட்டுகளை எல்லோரும் பார்க்கத் திருப்பிப் போட்டு ஒதுங்கினார்.

“பாலத்து ஸ்டாப்பு, நல்லாப் பாத்துக்க. மூணு ஜாக்கியை விட்டுட்டுப் போறதுக்கு நெஞ்சு வேணும். எல்லாக் கழுதையும் ஆடும். விடத் தெரிஞ்சவன்தான் ஆட்டக்காரன்.”

ஓரின் தன் சீட்டுகளைப் பெர்னடீனிடம் தள்ளினார். விரலில் நிற்காமல் இரண்டும் நழுவி மேசை மேல் மல்லாந்து விழுந்தன. ஐந்தும் இரண்டும். நடுவில் கிடந்த எதோடும் அவை சேரவில்லை. ஒரு ஜோடிகூட இல்லை.

முன்னறையில் யாரோ தட்டில் கரண்டியை வைக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

“நாடகக்காரன்!” வெர்னா எழுந்தே விட்டார். “மூணு மாசமா! என்னை! ஏன்யா, பொய் சொல்றதுன்னா சீட்டால சொல்லு, காசால சொல்லு. நோயாளி மாதிரி கையை ஆட்டி ஆட்டிக் காசு பாக்கறது ஒரு ஆட்டமா? சந்தையில கோந்தைக் கரைச்சு மருந்துன்னு விக்கறவன் செய்யற வேலை இது. இதுல திறமையும் இல்ல, அழகும் இல்ல. எங்க, இன்னொரு தடவ ஆட்டிக் காட்டு பாப்போம்! எல்லாரும் பாக்கட்டும்!”

ஓரின் வலது கையை மேசைக்கு மேலே தூக்கினார். அதில் சீட்டும் இல்லை, வில்லையும் இல்லை. கை நடுங்கியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நிற்கவில்லை. அவர் இடது கையால் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் ஒண்ணும் செய்யல வெர்னா. அது தானா ஆடுது. பில்லிங்ஸ் பெரியாஸ்பத்திரியில டாக்டர் நவம்பர்லயே பேரு சொல்லிட்டாரு. பார்க்கின்சன்.”

“அப்ப ஏன்யா சொல்லல?” என்று கேட்டவர் வால்ட்.

ஓரின் வால்ட் பக்கம் திரும்பினார். “என் மக வீட்டுல இந்தக் கையைப் பாத்தா உடனே கோப்பையைப் பிடுங்கிக்கிறாங்க. டாக்டர் பாத்தா எழுதிக்கிறாரு. இங்க ஒரு எடத்துலதான் இதைப் பாத்துட்டு ஆறு பேரும் பயந்து ஓடினீங்க.” அவர் சிரித்தார். “நல்லா இருந்துச்சுப்பா. அதான்.”

வெர்னாவின் கண் கூரையிலிருந்து இறங்கி ஓரினின் முகத்துக்கு வந்தது. ஒருவரை நேராகப் பார்த்துக்கொண்டு அவர் வாய் மூடி நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். பாடம் சொன்னதற்கு அடுத்த கை திறந்து ஆட வேண்டும். அதைப் பெர்னடீன்கூட நினைவுபடுத்தவில்லை. வெர்னா மெத்தையை எடுத்துக்கொண்டு பதினொன்றேகாலுக்கே போய்விட்டார். ஒரு முட்டை தட்டிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் நல்லவர்களாகிவிட்டோம்.

ஓரினுடைய கோப்பைக்கு மூடி வந்தது. அவர் பந்தயம் வைக்கக் கையை நீட்டும் முன்னே வால்ட் எண்ணித் தள்ளிவிடுவார். ஜெயித்தால் நான் அடுக்கிக் கொடுப்பேன். அவருக்கு எதிராக யாரும் ஏற்றுவதில்லை. அசட்டுத்தனமாக ஏதாவது ஆடித் தோற்றால், “பரவால்ல ஓரின்”, “ஒரு சீட்டுல தப்பிப் போச்சு ஓரின்” என்போம். எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினோம். முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்த ஒருவர், “யாராவது தவறிட்டாங்களா?” என்று பெர்னடீனிடம் கேட்டாராம்.

வெர்னா மறுநாளே திரும்பி வந்தார். ஆனால் பேசவில்லை. அட்டைச் சட்டத்துக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. ஐந்து வாரம் அவருடைய சீட்டுகள் மூடியே இருந்தன. அந்த ஐந்து வாரமும் அவர் நிறைய ஜெயித்தார். ஜெயித்ததை அடுக்கக்கூட இல்லை, குப்பையாகக் குவித்து வைத்திருந்தார். ஒரு தடவை நான் மகா மட்டமாக ஆடி, அவரைத் தலை தூக்கிப் பார்த்தேன். அவர் முட்டைக்கு உப்புத் தூவிக்கொண்டிருந்தார்.

ஓரின் வாரத்துக்கு நான்கு நாள் வந்தது மூன்றானது, பிறகு இரண்டானது.

பிப்ரவரி கடைசியில் ஒரு வியாழக்கிழமை, ஆட்டம் தொடங்கும் முன், பெர்னடீன் சீட்டைக் கலைத்துக்கொண்டே வெர்னாவிடம் சொன்னார். “ஓரின் போன் பண்ணினாரு. அடுத்த வாரத்துலேருந்து அவரு நாற்காலிய வேற யாருக்காவது குடுத்துடணுமாம்.”

“முடியலயாமா?”

“முடியுதாம். ‘இங்கயும் ஆஸ்பத்திரி வாசனை வந்துடுச்சு பெர்னடீன்’னாரு. நாளைக்கு வர்றாரு. அதோட சரி.”

வெர்னா கையிலிருந்த முட்டையைக் கீழே வைத்தார். “அஞ்சு வாரமா நான் அந்தாள ஒரு வார்த்தை சொல்லலயே.”

“அவரும் அதத்தான் சொன்னாரு.”

“என்னத்தப் பேசச் சொல்ற? நோயில கெடக்குற மனுஷன, ஊரே பாக்க, நாடகக்காரன்னு கத்தினவ நான். ‘ஆட்டிக் காட்டு’ன்னேன் பெர்னடீன். கையத் தூக்கிக் காட்ட வச்சேன். இனிமே இந்த வாயத் திறந்தா அது வாயா?”

பெர்னடீன் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணி ஆகிவிட்டது. சீட்டைப் போட ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை ஓரின் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். உட்கார்ந்ததும் கோப்பையின் மூடியைக் கழற்றித் தள்ளி வைத்தார். பிறகு அவர் ஆடிய ஆட்டத்தை ஆட்டம் என்றே சொல்ல முடியாது. நான்கும் எட்டும் வைத்துக்கொண்டு கடைசிவரை வந்தார். தோற்றார். “பரவால்ல ஓரின்” என்றோம். இரண்டும் ஒன்பதும் வைத்துக்கொண்டு ஏற்றினார். தோற்றார். “நல்ல முயற்சி ஓரின்” என்றார் வால்ட். ஒவ்வொரு தடவையும் ஓரின் சீட்டை மேசையில் விரித்து வைத்துவிட்டு, எதிரே வெர்னாவைப் பார்த்தார். வெர்னாவின் காது மடல் சிவந்துகொண்டே போனது.

மூன்றாவது கை. நடுவில் நான்கு டைமண்ட் கிடந்தன. ஐந்து சீட்டு ஒரே சின்னத்தில் சேர்ந்தால் எந்த ஜோடியும் அதன் முன் நிற்காது. வால்ட் தன் வில்லை எல்லாவற்றையும் முன்னே தள்ளினார். வால்ட் அப்படித் தள்ளினால் ஐந்தாவது டைமண்ட் அவரிடம் இருக்கிறது என்பது சமையலறையில் பாத்திரம் தேய்ப்பவருக்குக்கூடத் தெரியும். வால்ட் தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஓரின் ஒரு ஜோடி மூன்றை வைத்துக்கொண்டு, ஈடாகப் பணம் போட்டு, பார்க்கிறேன் என்றார். தோற்றார். சீட்டை விரித்து வைத்தார்.

“பரவா...” என்று வால்ட் ஆரம்பித்தார்.

வெர்னாவின் கண் மெல்ல மேலே போனது.

“என்னய்யா பரவால்ல? எதுய்யா பரவால்ல? ஜோடி மூணு! நாலு டைமண்ட் வரிசையா நின்னு கும்பிடு போடுது, வால்ட்டு மூச்சு விட்டுக்கிட்டு உக்காந்திருக்கான், வால்ட்டு! மூச்சு! அதுக்கப்புறமும் ஒரு மனுஷன் காசைத் தூக்கிப் போடுவானா? உனக்குக் கைதானய்யா நடுங்குது, மண்டை நல்லாத்தான இருக்கு? முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினேன், பின் சீட்டுல வாந்தி எடுத்த பிள்ளைங்ககூட உன்னவிட யோசிச்சுதான் எடுத்துச்சுங்க! முதல் கை நாலு எட்டு. அதுல ஏறினது தப்பு. ஏறினவன் நடுச்சீட்டு வந்தப்பவாவது இறங்கணும், அது ரெண்டாவது தப்பு. ரெண்டாவது கையில ஏத்தினது தப்பே இல்ல, அது பாவம்! உனக்கு உடம்பு சரியில்லன்னா சீட்டு உனக்குன்னு இரக்கம் பாக்குமா? நான் ஏன் பாக்கணும்? கடைசி நாளுன்னா ஒழுங்கா ஆடிட்டுப் போ, இப்படி மேசைய அசிங்கப்படுத்திட்டுப் போகாத!”

மூச்சு வாங்க நிறுத்தினார். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது போல இருந்தது. கண் கீழே இறங்கப் பயந்துகொண்டு கூரையிலேயே நின்றது.

“வெளிய குளிருது வெர்னா” என்றார் ஓரின். தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பெர்னடீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அலுவலகக் குரலில் சொன்னார்: “வெர்னா, பாடம் சொல்லிட்ட. அடுத்த கை திறந்து.”

“தெரியும். போடு.”

போட்டார். வெர்னா தன் இரண்டு சீட்டையும் திருப்பி வைத்தார். இரண்டும் ராஜா. அதைப் பார்த்ததும் வால்ட் கவிழ்த்தார், நான் கவிழ்த்தேன், எல்லோரும் கவிழ்த்தார்கள். ஓரின் மட்டும் உட்கார்ந்திருந்தார். நடுவில் ராணி, பத்து, ஆறு வந்தன. ஓரின் கையை நீட்டிப் பந்தயம் வைத்தார். வில்லைகள் அவருடைய விரலில் கடகடவென்று மோதிக்கொண்டன.

வெர்னா அந்தக் கையை முன்னே குனிந்து பார்த்தார், ஒரு மருத்துவர் பார்ப்பது போல அல்ல, ஆட்டக்காரி பார்ப்பது போல.

“முன்னல்லாம் இது ஆடினா ஒரு சேதி இருக்கும். இப்ப நல்லதுக்கும் ஆடுது, குப்பைக்கும் ஆடுது. என்னத்த வச்சுப் படிக்கறது? இந்த மேசையில படிக்கவே முடியாத ஒரே ஆளு நீதான்யா. அதை உன் சாமர்த்தியம்னு நினைச்சுக்காத.” ஈடு போட்டார்.

அடுத்தது நான்கு. ஓரின் மறுபடி வைத்தார். வெர்னா மறுபடி ஈடு போட்டார். கடைசிச் சீட்டு ஆறு. ஓரின் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் முன்னே தள்ளினார், பாதி சரிந்தது. வெர்னா தன் ராஜாக்களைப் பார்த்தார், ஓரினைப் பார்த்தார், ஈடு போட்டார்.

ஓரின் திருப்பினார். ஆறும் மூன்றும். நடுவில் இருந்த இரண்டோடு சேர்ந்து மூன்று ஆறு. ராஜா ஜோடியானாலும் மூன்றுக்கு முன் தோல்விதான்.

“ஆறு மூணு!” என்றார் வெர்னா. “ரெண்டு ராஜா மல்லாந்து கெடக்குது. கண்ணுக்கு நேரா. கிரீடத்தோட! அதைப் பாத்துக்கிட்டே ஆறு மூணு வச்சு...”

ஓரின் ஜெயித்தது பெரிய குவியல். ஐந்து வாரப் பழக்கத்தில் வால்ட் அதை அவர் பக்கம் தள்ளிவிடக் கையை நீட்டினார். நானும் நீட்டினேன். பெர்னடீன் அடுத்த கைக்குச் சீட்டுக்கட்டைக் கலைக்க எடுத்தார்.

“கையை எடுங்கடா ரெண்டு பேரும். ஜெயிச்சவன் அவன்.”

சொல்லிவிட்டு வெர்னா குனிந்து, தன் உள்ளங்கையைச் சீட்டுக்கட்டின் மேல் அழுத்தி வைத்தார். சீட்டுப் போடுபவரின் கட்டை ஆடுகிறவர்கள் யாரும் தொடக் கூடாது. தொட்டால் எழுந்து போக வேண்டியதுதான். பெர்னடீன் தன் கைகளை மடியில் போட்டுக்கொண்டார்.

ஓரின் வில்லைகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார். மூன்று எடுத்தால் ஒன்று நழுவியது. அடுக்கு பாதி எழும்பிச் சரிந்தது. மறுபடி முதலிலிருந்து. ஒரு வில்லை மேசையிலிருந்து உருண்டு தரைக்குப் போனது. யாரும் குனியவில்லை. அவரே நாற்காலியைத் தள்ளி, குனிந்து, தேடி எடுத்தார். எட்டு நிமிஷமோ பத்து நிமிஷமோ ஆயிற்று. அந்த நேரம் முழுக்க வெர்னா கூரையைப் பார்த்துக்கொண்டு ஆறையும் மூன்றையும் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கடைசி வில்லை அடுக்கின் மேல் நடுங்கி உட்காரும்வரை கட்டின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

இதை எழுதட்டுமா என்று போன செவ்வாய்க்கிழமை ஓரினிடம், அவருடைய அதே நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுதான் கேட்டேன். “எழுது. படிக்கிறவங்க ஒவ்வொருத்தரும் நாலு பேருக்குச் சொல்லணும்னு போடு. என் கையைப் பத்தி அவ ஊரெல்லாம் சொன்னாள்ல? ரெண்டு ராஜாவை வச்சுக்கிட்டு ஆறு மூணுகிட்டத் தோத்ததும் ஊரெல்லாம் தெரியட்டும்” என்றார். ஆகவே தயவுசெய்து, சொல்லுங்கள்.